சிகப்பி

எங்கள் வரிசையில் எனக்கு வந்த பெயர் சிகப்பி.
பிறந்த முப்பதாம் நாள் வைத்தார்கள்.
யாரும் கேலிக்கு வைக்கவில்லை.

நம் ஊரில் சிவப்பு என்றால் சிவப்பு இல்லை.
கொஞ்சம் கோதுமை, கொஞ்சம் மஞ்சள்,
நிச்சயத்துக்கு முந்தின வாரம் தடவிய ஏதோ ஒன்று.
அந்த எல்லையைத் தாண்டி ஒருத்தி வெளுத்துவிட்டால்
அவளுக்குச் சொல் கிடையாது.
ஏதாவது வியாதியின் பெயரை எடுத்துக் கொடுப்பார்கள்.

கோட்டையூர்க் கல்யாணத்தில் போட்டோக்காரர்
"பாப்பா, நீ கொஞ்சம் ஓரமா.
ஃபிளாஷ் அடிச்சா அந்த இடமே வெளிறிப் போகுது" என்றார்.
ஓரம் என்றால் படத்துக்கு வெளியே என்று
ஒன்பது வயதில் புரிந்தது.
எந்த ஆல்பத்திலும் என்னைத் தேட வேண்டாம்.
பெரியப்பா மகளின் தோளில் ஒரு கை இருக்கும்,
அதுதான் நான்.

பெண் பார்க்க வருமுன் போனில் கேட்டார்கள்:
"பொண்ணு செவப்பா?"
"பேரே சிகப்பிதான்" என்றாள் ஆத்தா.
வந்தார்கள். கந்தரப்பம் நன்றாக இருக்கிறதென்று
இரண்டு தடவை சொன்னார்கள்.
என் இமையைப் பார்த்தவர்கள் அப்புறம்
தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
ஆத்தங்குடிக் கல், பூப்போட்டது. பார்க்கலாம்தான்.

போன தையில் அதே மாதிரி ஒரு தரையில்,
கானாடுகாத்தானில்,
பதினேழு பங்காளிகளில் பதினாறு பேர் சம்மதித்துத் திறந்த வீட்டில்
அரக்குக் கண்டாங்கி கட்டி நின்றேன்.
நாள் வாடகை எனக்கும் உண்டு, வீட்டுக்கும் உண்டு.
வீட்டுக்கு அதிகம்.

முட்டை வெள்ளைக்கரு ஊற்றி இழைத்த சுவர்.
லூர்து அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.
"அக்கா, சுவத்துக்குள்ள போயிட்டீங்க."
அவன் பெட்டியில் தேன், பழுப்பு, அதைவிடப் பழுப்பு,
மரப்பாச்சி நிறம் வரைக்கும் டப்பி டப்பியாய்.
"கடைக்காரர் ரெண்டு ஷேடு ஏத்தச் சொன்னாரு.
இமைக்கு மை."
"வேண்டாம்."
"கறுப்பு இல்லக்கா, பிரவுன்."
"லூர்து."
மூடிவிட்டான். தூரிகை நுனியில் ஒட்டியிருந்ததைத்
தன் முழங்கையில் துடைத்துக்கொண்டான்.
அவனுக்கு அது பொருந்தியது.

பதினோரு மணிக்கு வளவுக்குள்
வெயில் சதுரமாக இறங்கியது.
சதுரத்துக்கு ஒரு சாண் தள்ளி நிழலில் நின்றேன்.
இந்த ஓரம் நானே வைத்தது.

"கண்ணை ஆட்டாமப் பாருங்க மேடம்."
"ஆடும்."
"ரெண்டே செகண்டு..."
"பொறந்ததுலேருந்து ஆடுது தம்பி. நீங்க வேகமா எடுங்க."
இளம்பரிதி கேமராவில் எதையோ திருகினான்.
அவ்வளவுதான். சரியாக வந்தது.
இத்தனை வருஷமாய், திருக வேண்டியது
என் கழுத்து என்றல்லவா நினைத்திருந்தேன்.

மாசி பிறந்ததும் காரைக்குடியில் போர்டு வைத்தார்கள்,
கல்லுக்கட்டிப் பக்கம், மூன்று மாடி உயரம்.
குடையோடு போய் அடியில் நின்றேன்.
அரக்காய் ஒரு பெருக்கம், மேலே ஒரு வெள்ளை.
பஸ் நம்பரே தெரியாத கண்ணுக்கு அவ்வளவுதான் கிடைத்தது.
ஆட்டோக்காரரைக் கேட்டேன், யாருண்ணே அது?
"யாரோ வடக்கத்திப் பொண்ணு" என்றார்
என்னைப் பார்க்காமல். "சேலை நல்லாருக்கு."

செல்லில் எடுத்து, மூக்குக்கு நேரே பிடித்து
விரலால் விரித்து விரித்துப் போனேன்.
இமை இருந்தது, ஒவ்வொரு முடியும் வெள்ளையாக.
கழுத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.
ஏழாவது படிக்கையில், விளையாட்டு விழா வெயில்
கொப்பளமாய் வந்து தழும்பாய்த் தங்கியது,
ஒரு ரூபாய் அளவு.
காணோம். பூசி மெழுகியிருந்தார்கள்.

கடைக்குப் போன் போட்டேன்.
"கழுத்துல ஒண்ணு விட்டுப்போச்சு."
"விட்டுப்போகலைங்க, நாங்கதான் எடுத்தோம்"
என்றான் பையன், பெருமையாக.
"திருப்பி வைங்க."
"முதலாளிகிட்ட சொல்றேன். யார் பேசினதுன்னு சொல்லட்டும்?"

சொன்னேன்.
அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம்.
அடக்கி முடிக்கட்டும்.
அவன் பேனா தேடி எடுக்கும் வரை காத்திருந்து
எழுத்து எழுத்தாகச் சொன்னேன்:
சி.
க.
ப்.
பி.